உடைந்ததைச் சொல்லிவிடுங்கள்

1/ இன்றைக்கு டெங்கு, சுகர், பிபி எதுவும் இல்லை. ஒரு லாரி ஸ்டியரிங் பற்றி எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். "டாக்டரம்மாவுக்கு எதுக்கு லாரிப் பட்டறை வேலை?"ன்னு கேட்பீங்க. கடைசி வரை படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

2/ ஆரம்பம் ஒரு தோள்பட்டை வலி. என் சித்தப்பாவுக்கு 57 வயசு. நாமக்கல் பக்கம் சொந்தமாக ஒரே ஒரு பழைய ஆறு சக்கர லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். வலது கையைத் தலைக்கு மேல தூக்க முடியலை, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலைன்னு என்கிட்ட வந்தார்.

3/ முதலில் சுகர் பார்த்தேன். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம், அதனால் தோள் வலி என்று வந்தாலே பார்த்துவிடுவேன். நார்மல். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். தோளைத் தூக்கிச் சுழற்றுகிற தசைநார்களில் தேய்மானம் என்றார். மாத்திரை, பிசியோதெரபி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "எந்த மாதிரி வண்டி ஓட்டறீங்க?"

4/ விஷயம் அங்கேதான் இருந்தது. சித்தப்பா வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓடுகிற வண்டியில் அது பெரிசாத் தெரியாது. லோடோடு மெதுவாகத் திருப்பும்போதும், குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் தெரியும். முன் அச்சின் மொத்த பாரமும் உட்கார்ந்திருக்கிற இரண்டு டயரை, ஒரு மனுஷன் தன் தோள் பலத்தில் தரையோடு தேய்த்துத் திருப்புகிறான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எத்தனை வருஷம்? இதுக்கு மாத்திரை மட்டும் எழுதினா நான் என்ன டாக்டர்? "சித்தப்பா, ஸ்டியரிங்கை மாத்துங்க"ன்னு சொன்னது நான்தான்.

5/ பவர் ஸ்டியரிங் என்ன செய்கிறது? இன்ஜினோடு ஓடுகிற ஒரு பம்ப், எண்ணெயை அழுத்தத்தோடு ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நீங்கள் வீலை லேசாகத் திருப்பியதும் உள்ளே ஒரு வால்வு திறந்து, எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் எண்ணெய் போய் பிஸ்டனைத் தள்ளும். மீதி பலத்தை எண்ணெய் போடுகிறது. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார். லாரி ஸ்டியரிங்கில் எண்ணெய் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

6/ ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற பாகமா என்று பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கணும். சித்தப்பா கேட்டார். அதன் பிறகுதான் சாமான் வந்தது.

7/ ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. எனக்கு அன்று டியூட்டி இல்லை. சித்தப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனவள், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பல வருஷமா அந்த வண்டிக்கு வேலை பார்க்கிறவர். அவரிடம் ஒரு பையன், 19 வயசு இருக்கும்.

8/ நீங்கள் வீலைத் திருப்புவது டயருக்கு எப்படிப் போகிறது? வீல், தண்டு, ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து கீழே தொங்குகிற கை மாதிரி ஒரு இரும்பு, அது டிராப் ஆர்ம். அதன் நுனியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற நீளமான தண்டு டிராக் லிங்க். ஒரு சக்கரம் திரும்பினால் டை ராடு அடுத்த சக்கரத்தையும் கூடவே திருப்பும். அவ்வளவுதான். பத்து டன் லோடும், உள்ளே இருக்கிற ஆளும், எதிரில் வருகிற பைக்கும், எல்லாம் இந்தச் சங்கிலியை நம்பித்தான் இருக்கு.

9/ டிராப் ஆர்மும் டிராக் லிங்க்கும் சேருகிற இடத்தில் ஒரு பால் ஜாயின்ட். நம் இடுப்பு மூட்டு மாதிரியேதான்: ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை. உருண்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியின் நுனியில் மரை. அதில் ஒரு நட்டு. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னத் துளை, அதில் ஸ்பிளிட் பின். வளைத்துவிட்ட ஒரு கம்பித்துண்டு, ஒரு டீ விலைகூட இருக்காது. எத்தனை குழியில் வண்டி குதித்தாலும் நட்டு கழன்று விழாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

10/ புது பாக்ஸ் மாட்டணும்னா இந்த ஜாயின்டைக் கழற்றணும். வருஷக்கணக்கா இறுகிப்போயிருக்கும். முறைப்படி புல்லர் போட்டு இழுக்கணும். அந்தப் பட்டறைப் புல்லரை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். "நாலு தட்டு தட்டுடா, வந்துரும்"ன்னு சொல்லிவிட்டு மெக்கானிக் அண்ணன் டீ குடிக்கப் போனார். சித்தப்பாவும் கூடப் போனார்.

11/ பையன் நட்டை முழுசாகக் கழற்றிவிட்டு, மரை நுனியிலேயே சுத்தியலால் அடித்தான். புல்லர் இல்லாமல் தட்டுகிறவர்கள்கூட மரையைக் காப்பாற்ற நட்டை நுனியில் விட்டு வைப்பார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ சாய்ந்து விழுந்தது. நுனி வளைந்தது. நிமிர்த்தப் பார்த்தான். பின் போடுகிற துளை இருக்கிற இடத்தில் நுனி ஒடிந்து கீழே விழுந்தது.

12/ அவன் அந்தத் துண்டைக் கையில் எடுத்தான். வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எனக்கு அதெல்லாம் என்னவென்றே புரியாது என்று நினைத்திருப்பான். உண்மையில் புரியவும் இல்லை. ஆனா அந்த முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தோட நானே ஒரு நாள் நின்னிருக்கேன்.

13/ வேலையில் சேர்ந்த முதல் வருஷம். ராத்திரி டியூட்டி. குதிகாலில் ஆழமான வெட்டுக் காயத்தோடு ஒருவர் வந்தார், கட்டட வேலை செய்கிறவர். செருப்பில்லாமல் நடந்து நடந்து தோல் பலகை மாதிரி இருந்தது. தையல் போடும்போது ஊசியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் நுனிப் பக்கமாகப் பிடித்து அழுத்தினேன். 'டிக்'னு ஒரு சத்தம். கையில் பாதி ஊசிதான் இருந்தது.

14/ மீதி எங்கே? காயத்தைத் தேடினேன், இல்லை. துணியில் தேடினேன், இல்லை. வெளியே இன்னும் பேஷன்ட்டுகள். அப்போது மனசில் ஓடியதை அப்படியே சொல்கிறேன்: கீழே எங்கயாவது விழுந்திருக்கும். தையலை முடி. ஆன்டிபயாடிக் எழுது. அனுப்பு. யாருக்குத் தெரியப்போகுது?

15/ சில வினாடிதான் அந்த எண்ணம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ட்ரேயைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "டாக்டர், நுனி எங்கே?" திட்டவில்லை. நக்கலும் இல்லை. கணக்குக் கேட்பது போல ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. அந்த நோயாளியையும்.

16/ காலை அசைக்க வேண்டாம்னு சொல்லி எக்ஸ்ரே எடுத்தோம். நுனி உள்ளேதான் இருந்தது. சர்ஜனைக் கூப்பிட்டோம். அவர் வந்து எடுத்தார். நோயாளியின் அண்ணன் கத்தினார். கத்துவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன், கேஸ் ஷீட்டிலும் எழுதினேன். மறுநாள் டிரஸ்ஸிங்குக்கு வந்த அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முழுசா வந்துருச்சுங்களா?" வந்துவிட்டது என்றேன், எக்ஸ்ரேயைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

17/ பட்டறைக்கு வருவோம். பையன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. மெக்கானிக் அண்ணன் உள்ளே வந்ததுமே கையை நீட்டினான். "அண்ணா, பின் ஓட்டைப் பக்கம் ஒடிஞ்சு போச்சுங்ண்ணா." அவர் கை ஓங்கினார். நான் இருந்ததால் இறக்கினார். "இந்த வாரக் கூலியில புடிக்கிறேன் இரு" என்றார்.

18/ அடுத்து அவர் சொன்னதுதான் நான் இந்த த்ரெட் எழுதவே காரணம். "பரவால்லீங்க. மீதி மரை இருக்குது. நட்டைப் போட்டு இறுக்கி ரெண்டு பொட்டு வெல்டு வெச்சுடலாம். பின்னே வேண்டாம். ஆயுசுக்கும் கழலாது."

19/ அதைவிட அதிர்ச்சி சித்தப்பா. திங்கட்கிழமை காலை பல்லடத்துக்குக் கோழித்தீவன லோடு பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் கடை கிடையாது. "ஒரு ட்ரிப் போய்ட்டு வந்து மாத்திக்கலாம் கண்ணு, பயப்படாத" என்றார். ஆக, தப்பு பையன் மேலேன்னு மட்டும் சொல்ல முடியாது. உடைத்தது அவன். மறைச்சு ஓட்டத் தயாரா இருந்தது நாங்க பெரியவங்க.

20/ அந்த வெல்டு ஏன் கூடாது? மூன்று காரணம். ஒன்று, அந்த ஜாயின்ட் சாதா இரும்பு கிடையாது. பதம் பார்த்துச் சூடாக்கிக் குளிரவைத்து, வலுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற தன்மையும் சேர்ந்து இருக்கிற மாதிரி செய்த எஃகு. வெல்டு வைத்த இடம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். அந்தப் புள்ளி மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினமாக இருக்கும், ஆனா விரிசல் விடும்.

21/ இரண்டு, ஜாயின்டுக்குள் கிரீஸ் இருக்கு, மேலே ரப்பர் உறை இருக்கு. வெல்டு சூட்டில் ரப்பர் கருகினால் மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். கிண்ணமும் உருண்டையும் தேயும். வெளியே பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

22/ மூன்று, அந்த இடத்துக்கு வருகிற பாரம் ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இழுக்கும், தள்ளும். ஒரு கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரம் பட்டென்று ஒடியும் இல்லையா, அதேதான். புதுசா சேர்ந்த போலீஸ், ராணுவ வீரர்களுக்கு ஓடி ஓடியே பாத எலும்பில் மெல்லிய விரிசல் வரும். ஓய்வு கொடுத்தால் அந்த எலும்பு தானாகச் சேர்ந்துவிடும். இரும்பு சேராது. விரிசல் வளரத்தான் செய்யும்.

23/ அது விட்டுப்போனால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்கவில்லை என்றால்கூட கியரை இறக்கலாம், ஓரமா ஒதுக்கலாம். டிராக் லிங்க் கழன்றால் வீல் உங்கள் கையில் சும்மா சுற்றும். டயர் தன் இஷ்டத்துக்குப் போகும். பேப்பரில் "கட்டுப்பாட்டை இழந்த லாரி"ன்னு அடிக்கடி படிக்கிறோம். வேகம், தூக்கம், குடி என்று காரணம் பல இருக்கும். ஆனா அடிபட்டு வருகிறவருக்கு ஏ.ஆர். எழுதுகிற எங்கள் மேசையில், வண்டியின் நட்டு போல்ட்டைப் பற்றி எழுத ஒரு கட்டம் கிடையாது. எங்களுக்கு வந்து சேருவது உடம்பு மட்டும்தான்.

24/ இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாக அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "சித்தப்பா, உங்க தோள் வலிக்காகத்தான் இந்த வேலையே. தோளைக் காப்பாத்தி உயிரை விட்டுடாதீங்க." அவர் கொஞ்ச நேரம் ஒடிந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்து லோடு ஆபீஸுக்குப் பேசினார். லோடு வேறு வண்டிக்குப் போனது. அந்த நஷ்டம் சின்னது இல்லை. ஒரு வண்டிக்காரருக்கு அந்த மாத டியூவில் அது தெரியும்.

25/ திங்கட்கிழமை மதியம் புது டிராக் லிங்க் எண்டு, புது நட்டு, புது பின் வந்தது. மாட்டுவதிலும் விஷயம் இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸ் நடு நிலையிலும், சக்கரம் இரண்டும் நேராகவும் இருக்கும்போது டிராக் லிங்க் நீளம் சரியாகப் பொருந்தணும். இல்லாட்டி ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் திரும்பும். நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கணும். பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளைக்குக் கொண்டுவரணும். பழைய பின்னைத் திரும்பப் போடவே கூடாது.

26/ டிராப் ஆர்மையும் விடவில்லை. அதன் மேலேயும் சுத்தியல் பட்டிருந்தது. மெக்கானிக் அண்ணனே மூன்று டப்பா ஸ்பிரே கொண்டுவந்தார். சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, சில நிமிஷம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டுகிற சோதனை. எக்ஸ்ரே மாதிரியேதான்னு எனக்குத் தோணுச்சு. கோடு வரவில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

27/ இப்போ அந்த 100 பார். எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டார்கள். ஹோஸ் மூட்டில் கசிவு இருக்கான்னு பார்க்கப் பையன் விரலைக் கொண்டுபோனான். நான் கத்தியே விட்டேன். மெக்கானிக் நண்பர்களே, இதைத் தயவுசெய்து படிங்க. ஊசித் துளை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதுக்கு 7 பார் அழுத்தமே போதும் என்கிறார்கள்.

28/ வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிசா இருக்காது. உள்ளே எண்ணெய் விரல் முழுக்கப் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும், ரத்த ஓட்டம் தடைபடும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். இது அவசர ஆபரேஷன் கேஸ். தேய்க்காதீங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கு"ன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க. கசிவு பார்க்க விரல் வேண்டாம். அட்டைத் துண்டைப் பிடிச்சுப் பாருங்க, கை வைக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினை நிறுத்துங்க.

29/ "டாக்டர், எதைத்தான் ரிப்பேர் பண்ணலாம்?"ன்னு கேட்பீங்க. நியாயம். எல்லாத்தையும் புதுசா மாத்த யாரிடமும் காசு இல்லை. மட்கார்ட், பம்பர், எண்ணெய் டப்பா தாங்குகிற பிராக்கெட், கிளாம்ப், இதெல்லாம் உடைந்தால் வெல்டு வைங்க. கழன்றால் சத்தம் வரும், எண்ணெய் ஒழுகும், வண்டியை நிறுத்தலாம். டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, பால் ஜாயின்ட், ஸ்டப் ஆக்சில், தண்டில் இருக்கிற ஜாயின்ட், இவை உடைந்தாலோ வளைந்தாலோ வெல்டும் வேண்டாம், சூடுபடுத்தி நிமிர்த்துவதும் வேண்டாம். மாற்றணும். விட்டுப்போன பிறகு நிறுத்த உங்களுக்கு நேரம் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அது ரிப்பேர் செய்கிற சாமான் இல்லை.

30/ இனி நான் சொல்ல வந்த விஷயம். ரிப்பேர் எங்கே ஆரம்பிக்குது? வெல்டிங் ராடில் இல்லை, ஸ்பேர் கடையிலும் இல்லை. "உடைஞ்சு போச்சுங்ண்ணா"ன்னு அந்தப் பையன் சொன்ன இடத்தில் ஆரம்பிக்குது. அவன் அந்தத் துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நட்டை மாட்டி, கிரீஸ் பூசிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சித்தப்பாவுக்கு நம்பிக்கையான மெக்கானிக், எனக்கு ஒன்றும் தெரியாது, வண்டி திங்கட்கிழமை ரோட்டில் இருந்திருக்கும்.

31/ வேலை செய்தால் உடையும். இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் உடையும். ஆபரேஷன் தியேட்டரிலும் உடையும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போவதற்கு முன் கருவி, பஞ்சு, ஊசி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்தாச்சா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கு. டாக்டர் கெட்டவர் என்பதால் வந்த விதி இல்லை அது. மனுஷன் மறப்பான், பயப்படுவான் என்பதால் வந்த விதி.

32/ "ஒத்துக்கிட்டா கேஸ் போடுவாங்க, அடிப்பாங்க"ன்னு என் டாக்டர் நண்பர்களே சொல்வார்கள். பயம் பொய் இல்லை. ஆனா அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-ல் இருந்து ஒரு முறையைக் கொண்டுவந்தது. தவறு நடந்தால் நோயாளியிடம் தானாகச் சொல்வது, விளக்குவது, தப்பு தன்னுடையது என்றால் ஈடு கொடுப்பது. 2010-ல் வந்த ஆய்வின்படி நீதிமன்ற வழக்குகளின் விகிதம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போனது. அது ஒன்று மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. ஆனா சொன்னதால் கூரை இடிந்து விழவில்லை என்பது மட்டும் தெரியுது.

33/ இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லணும். ஊசி ஒடிந்ததை ஒத்துக்கொண்டதற்காக என் சம்பளத்தில் யாரும் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. யாரும் என் கன்னத்தில் அறையவில்லை. அந்தப் பையன் வாயைத் திறந்தபோது அவனுக்கு அடியும் காத்திருந்தது, வாரக் கூலியும் போகக் காத்திருந்தது. ஆக, என் நேர்மையைவிட அவன் நேர்மைக்கு விலை அதிகம். "எல்லாரும் உண்மை பேசணும்"னு பொதுவாக உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மை சொல்கிறவனுக்கு ஆகிற செலவைக் குறைக்க வேண்டியது மேலே இருக்கிறவர்கள்தான். முதலாளி, மெக்கானிக், சீனியர் டாக்டர், வண்டி ஓனர்.

34/ சித்தப்பா அதைச் செய்தார். கணக்கு முடிக்கும்போது, "பையன் கூலியில் கை வைக்காதீங்க. அவன் சொல்லலைன்னா நான் செத்திருப்பேன். சாமானுக்கு நானும் பாதி தர்றேன்" என்றார். மெக்கானிக் அண்ணன் கொஞ்சம் முறைச்சார். பிறகு, "புல்லரை இரவல் குடுத்தது என் தப்புத்தானுங்க" என்று சாமான் காசை முழுசாகத் தானே போட்டுக்கொண்டார். லோடு போன நஷ்டம் சித்தப்பாவுடையது. யாரும் யாருக்கும் கும்பிடு போடவில்லை. டீ சொன்னாங்க, குடிச்சோம்.

35/ உங்ககிட்ட நான் கேட்கிறது மூணே மூணு. ஒன்று, எந்த வண்டியா இருந்தாலும், பைக்கோ, ஆட்டோவோ, டிராக்டரோ, வேலை முடிஞ்சு எடுக்கும்போது இப்படிக் கேளுங்க: "வேலையில ஏதாச்சும் உடைஞ்சுதா? சொல்லுங்க, திட்ட மாட்டேன்." சொன்ன மாதிரி திட்டாமலும் இருங்க. கழற்றின பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

36/ இரண்டு, ஸ்டியரிங் வேலை முடிந்த வண்டியை அப்படியே லோடுக்கு அனுப்பாதீங்க. காலி வண்டியில் மெதுவா ஓட்டிப் பாருங்க. இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்புதா, தானாக ஒரு பக்கம் இழுக்குதா, வீலில் ஆட்டம் இருக்கா, சத்தம் வருதா? திரும்பி வந்து நட்டு, பின், எண்ணெய் அளவு இன்னொரு முறை பாருங்க. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. வருஷத்துக்கு ஒரு முறைதான். மீதி 364 நாளும் பார்க்க வேண்டியது நீங்கதான்.

37/ மூன்று, உங்களிடம் ஒரு பையன் வேலை பார்க்கிறானா? ஹோட்டலில், லேத்தில், மெடிக்கல் ஷாப்பில், எங்கேயோ. அவன் வந்து "ஒடைச்சுட்டேன்"னு சொன்னால் முதல் வார்த்தை என்ன சொல்லப்போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க. "சரி, எங்கே, காட்டு." இதைவிட நீளமா எதுவும் வேண்டாம். திட்டுறது இருந்தா வேலை முடிஞ்ச பிறகு திட்டலாம். அன்னைக்கு ராத்திரி அந்த நர்ஸ் அக்கா என்னைத் திட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்னு எனக்கே நிச்சயமில்லை.

38/ நலம் விசாரிப்பவர்களுக்கு: சித்தப்பா தோள் இப்போ பரவாயில்லை. சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறார். பிசியோதெரபி இன்னும் போகணும், டிமிக்கி கொடுக்கிறார். பட்டறையில் புதுசா ஒரு புல்லர் வாங்கிச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்களாம். இரவல் கிடையாதாம்.

39/ வண்டி வைத்திருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. உங்கள் வேலையில் நீங்கள் உடைத்து, சொல்லி, சரிசெய்த கதை இருந்தால் கீழே எழுதுங்க. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். சொல்லாமல் விட்ட கதை இருந்தாலும் எழுதலாம். இங்கே யாரும் திட்ட மாட்டோம்.